கார் ஏ.சி. பராமரிப்பு: கேஸ் ஏற்றுவதற்கு முன்னும் ஏற்றும்போதும்

பங்குனி முடிந்து கத்திரி வெயில் நெருங்கும்போதுதான் பலருக்குக் காரின் ஏ.சி. நினைவுக்கு வருகிறது. காற்று வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றவுடன், கேஸ் குறைந்திருக்கும், அடித்துவிடலாம் என்ற முடிவுக்கே எல்லோரும் வருகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த முடிவைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறது. ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. வீட்டிலுள்ள ஃப்ரிட்ஜுக்கு ஆண்டுதோறும் யாரும் கேஸ் நிரப்புவதில்லை. காரில் ஒரு வேறுபாடு உண்டு. கம்ப்ரசரை எஞ்சினின் பெல்ட் சுழற்றுவதால் அதன் தண்டு ஒரு சீல் வழியாக வெளியே வரவேண்டியிருக்கிறது; எஞ்சின் அதிர்வதால் சில இடங்களில் உலோகக் குழாய்க்குப் பதிலாக ரப்பர் ஹோஸ் போடவேண்டியிருக்கிறது. இவற்றின் வழியாகச் சிறிதளவு கேஸ் கசிவது இயல்புதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த சட்டம், பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ போன்ற கேஸ் நிரப்பிய சாதாரணக் கார் ஏ.சி.க்கு ஆண்டுக்கு 40 கிராம் கசிவு என்று வரம்பு விதித்தது. ஆகவே சென்ற கோடையில் நிரப்பிய கேஸ் இந்தக் கோடைக்குள் காணாமல் போயிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அதை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பிக் கொடுக்கும் பட்டறைக்கு அது நல்ல வியாபாரம். கார் வைத்திருப்பவருக்கு அல்ல.

எப்படி இயங்குகிறது

கருவிகளைத் தொடுவதற்கு முன் சுற்றைப் புரிந்துகொள்வது அவசியம். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பாய்கிறது. அழுத்தம் சட்டென்று குறைவதால் திரவம் அங்கே கொதித்து ஆவியாகி, காயிலைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆர்-134ஏ கேஸ் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் இருக்கும் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அதன் கொதிநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது. இந்தச் சுற்றில் கேஸ் சரியாக இருந்தும், கண்டென்சரின் மேல் காற்றுப் படவில்லை என்றாலோ காயிலின் வழியாகக் காற்றுப் போகவில்லை என்றாலோ குளிர்ச்சி வராது. வீட்டில் இருந்தபடி நாம் சரிசெய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி இந்தக் காற்றோட்டம் பற்றியதுதான்.

முதலில் பானட்டைத் திறந்து ஒட்டுச்சீட்டைப் படியுங்கள்

பானட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள சட்டத்திலோ ஏ.சி. பற்றிய சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில் என்ற விவரங்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஆர்-134ஏ கேஸைக் கொண்டவை. சிறிய ஹேட்ச்பேக் கார்களுக்குப் பொதுவாக 350 முதல் 500 கிராம் வரைதான் தேவைப்படும். கடையில் கிடைக்கும் ஒரு கேனில் பெரும்பாலும் 450 கிராம் இருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். பாதி கேஸ் உள்ள சிறிய காரில் ஒரு கேனை முழுவதும் ஏற்றினால் அளவு எவ்வளவு மிஞ்சும் என்பது விளங்கும்.

சீட்டில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் அது வேறு கேஸ். எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. அதற்கான இணைப்புகளும் வேறு. அதில் ஆர்-134ஏவைக் கலக்கக் கூடாது. மின்சாரக் காராகவோ ஹைப்ரிட் காராகவோ இருந்தால், கம்ப்ரசர் பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. ஆரஞ்சு நிற ஒயர்கள் அதற்கான எச்சரிக்கை. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில் வேண்டும். சாதாரணக் காருக்கான ஆயில் கலந்த கேஸை அதில் ஏற்றினால் மின்கசிவுக்கு வழியாகும். அந்தக் கார்களில் ஃபில்டரையும் கண்டென்சரையும் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேபின் ஃபில்டர்

இடதுபக்க இருக்கைக்கு முன்னுள்ள குளோவ் பாக்ஸைத் திறந்து, இருபுறச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால், பல கார்களில் அது கீழே மடங்கி வந்துவிடும். அதன் பின்னால் நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும். அதற்குள் இருப்பதுதான் கேபின் ஃபில்டர். அதை இழுக்கும் முன், அதன் மீதுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் பூவும் காய்ந்து, மடிப்புகளுக்கிடையே கம்பளம் போலப் படிந்திருப்பதைக் காணலாம். காகிதத்தாலான ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தட்டி உதறலாம், அதுவும் தற்காலிகத் தீர்வுதான். ஆண்டுக்கொரு முறையோ 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள்ளோ புதியது போடுவதே முறை. சில கார்களின் ஆரம்ப நிலை வகைகளில் மூடி இருக்கும், உள்ளே ஃபில்டரே இருக்காது. அப்படியானால் இத்தனை நாளும் தூசி நேராகக் கூலிங் காயிலில்தான் படிந்திருக்கிறது. அந்த மாடலுக்குரிய ஃபில்டரை வாங்கிப் பொருத்திவிடுங்கள்.

கண்டென்சரும் மின்விசிறியும்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சரைப் பாருங்கள். பூச்சிகள், இலைத்துணுக்குகள், புழுதி ஆகியவை அலுமினியத் தகடுகளுக்கிடையே அடைத்திருந்தால், தோட்டத்துக் குழாயின் மெல்லிய நீரோட்டத்தால் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் உயரழுத்தத் துப்பாக்கியை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழி நிரந்தரமாக அடைபடும். கழுவும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கண்டென்சரின் மூலையிலோ குழாய் இணையும் இடத்திலோ எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கருத்திருந்தால், அது சாதாரண அழுக்கன்று. கேஸுடன் சேர்ந்து சுற்றும் ஆயில் அந்த இடத்தில் கேஸோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிப்பதால், கண்டென்சர் ஓட்டையாவது அங்கே கூடுதலாகவே நிகழும்.

அடுத்து, எஞ்சினை இயக்கி ஏ.சி.யைப் போட்டுவிட்டு, ரேடியேட்டரை ஒட்டியுள்ள மின்விசிறி சுற்றுகிறதா என்று எட்ட நின்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்ட சிறிது நேரத்தில் அது ஓடத் தொடங்க வேண்டும். நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றவுடன் வெதுவெதுப்பாகும் காருக்குக் கேஸ் குறைவு என்று சொல்வதற்கு முன்னால் இந்த விசிறியையும், அதன் ஃபியூஸையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். எலி கடித்த ஒயர்களும் இந்தப் பகுதியில்தான் அகப்படும்.

காதாலும் கையாலும் ஒரு சோதனை

கிளட்ச் உள்ள கம்ப்ரசரில், ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்ற ஓசை கேட்கும். கம்ப்ரசரின் முன்முகத் தட்டு புல்லியோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். ஓசையே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் ஆகியவற்றில் ஒன்று பழுதாக இருக்கலாம், அல்லது கேஸ் மிகக் குறைந்து, பாதுகாப்புக்கான பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை ஓடவிடாமல் தடுத்திருக்கலாம். சில நொடிகளுக்கொருமுறை 'டக் டக்' என்று பிடித்து விட்டுக்கொண்டே இருந்தால் கேஸ் குறைவு என்பதற்கு வாய்ப்பு அதிகம். புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச் இல்லாத, குளிர்ச்சித் தேவைக்கேற்ப அழுத்தும் அளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் இருப்பதால் இந்த ஓசைச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

பத்து நிமிடம் ஓடியபின் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டும் விசிறியும் நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்டு, டேஷ்போர்டுக்குச் செல்லும் இரண்டு ஏ.சி. குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று நீர் வேர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் சூடாக இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால் கேஸ் குறைந்துவிட்டது, அல்லது கம்ப்ரசர் அழுத்தவில்லை. வேறுபாடு நன்றாகத் தெரிந்தும் உள்ளே குளிரவில்லை என்றால், ஃபில்டரும், காற்றைத் தள்ளும் புளோயரும், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவுகளும்தான் குற்றவாளிகள். கேஸைத் தொட வேண்டியதில்லை.

கசிவைத் தேடுதல்

கேஸ் குறைவுதான் என்று தெரிந்தால், நிரப்பும் முன் கசிவைத் தேட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது தண்ணீரில் கலந்து, எஞ்சின் நின்றிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை கேஸ் ஏற்றும் இரண்டு வாய்கள். அவற்றின் மூடியைக் கழற்றினால், டயர் டியூபில் இருப்பதைப் போன்ற வால்வு பின் தெரியும். அதன் மேல் ஒரு சொட்டு நுரைநீரை விட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், மிக மெல்லிய கசிவுகூடக் குமிழியாக எழும். மலிவான பின்னும் ரப்பர் வளையமும் பழுதாகி, பெரிய செலவு என்று மிரட்டப்படும் கார்கள் உண்டு. ஆனால் உள்ளே கேஸ் இருக்கும்போது அந்தப் பின்னைச் சாதாரணக் கருவியால் கழற்றக் கூடாது. முழு அழுத்தமும் முகத்தில் சீறும். கூலிங் காயிலில் உள்ள கசிவு இந்த முறைக்கு அகப்படாது. அதற்கு மின்னணுக் கசிவுமானி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கசிவை அடைக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஒட்டுத்திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எக்ஸ்பான்ஷன் வால்வை அடைப்பதோடு, பட்டறையின் கேஸ் மீட்கும் இயந்திரத்தையும் பாழாக்கும்.

எப்போது வீட்டில் கேஸ் ஏற்றலாம்

சுற்றுக்குள் இன்னும் கேஸ் இருந்து, கம்ப்ரசர் ஓடி, குளிர்ச்சி மட்டும் சற்றுக் குறைந்திருந்தால் சிறிதளவு சேர்க்கலாம். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் சேர்க்கக் கூடாது. காலியான சுற்றுக்குள் காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உள்ளுறுப்புகளை அரிக்கும். முதலில் கசிவை அடைத்து, வேக்குவம் பம்ப் கொண்டு குறைந்தது 30 நிமிடம் உறிஞ்சி, பம்பை நிறுத்தியபின் முள் அசையாமல் நிற்கிறதா என்று இன்னும் அரைமணி நேரம் பார்த்த பிறகே, ஒட்டுச்சீட்டில் உள்ள கிராம் கணக்கில் புதிதாக நிரப்ப வேண்டும். பம்ப் இல்லாதவர்கள் அதைப் பட்டறையில் செய்துகொள்வதே சிக்கனம்.

கேன் வாங்கும்போது நம்பகமான கடையில், சீல் உடையாததாக வாங்குங்கள். 2011-இல் போலியான ஆர்-134ஏ நிரப்பப்பட்ட குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கேஸில் கலந்திருந்த மீதைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உருவாக்கியிருந்தது. கார் ஏ.சி.யும் பெரும்பகுதி அலுமினியம்தான். சமையல் எரிவாயுவை ஏற்றினாலும் குளிரும் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். ஆனால் கூலிங் காயில் கசிந்தால் அது மூடிய காருக்குள் நிரம்பும்.

ஏற்றும் முறை

திறந்த வெளியில் காரை நிறுத்துங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மூடிய கராஜில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். திரவமாகத் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நெருப்பில் பட்டால் நச்சாக மாறும் என்பதால் பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. தேவையான பொருட்கள்: நீலம், சிவப்பு என இரண்டு மீட்டர் கொண்ட கேஜ் செட், கேனைத் துளைக்கும் திருகு வால்வு, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு வெப்பமானி.

எஞ்சின் நின்றிருக்கும்போது, கேஜின் இரண்டு கைத்திருகுகளையும் மூடிவிட்டு, நீல ஹோஸைத் தடித்த குழாயில் உள்ள வாயிலும் சிவப்பு ஹோஸை மெல்லிய குழாயில் உள்ள வாயிலும் பொருத்துங்கள். தாழ் அழுத்த வாய் 13 மில்லிமீட்டர், உயர் அழுத்த வாய் 16 மில்லிமீட்டர் என்று அளவே வேறாக இருப்பதால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் வலிந்து தள்ளாதீர்கள். இப்போது இரண்டு மீட்டரும் ஒரே அளவைக் காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் அது 95 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலும், 35 டிகிரியில் ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ.யும் இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே ஒரு துளி திரவம் மீதமிருக்கும்வரை இந்த நிலை அழுத்தம் வெப்பத்தை மட்டுமே பொறுத்தது. கேஸ் 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே இதைப் பார்த்துக் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கேன் வால்வின் ஊசியை முழுவதும் மேலே திருகி வைத்து, கேனில் இறுக்கி, ஊசியைக் கீழே இறக்கித் துளையிட்டு, மறுபடி மேலேற்றுங்கள். கேனைக் கேஜ் செட்டோடு இணைக்கும் மஞ்சள் ஹோஸை மீட்டர் முனையில் ஒரு நொடி மட்டும் தளர்த்தினால், ஹோஸில் இருந்த காற்று வெளியேறும். பிறகு எஞ்சினை இயக்கி, ஏ.சி.யை முழுக் குளிரிலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, உடனிருப்பவரை ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1,500 ஆர்.பி.எம். அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். கேனைத் தராசில் நிமிர்ந்த நிலையில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, நீலத் திருகை மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது சிவப்புத் திருகை எக்காரணத்தாலும் திறக்கக் கூடாது, 200 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து அதை வெடிக்கச் செய்யும். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வேகமாக ஏறும் என்று சிலர் செய்து காட்டுவார்கள். அப்போது கேஸுக்குப் பதில் திரவம் கம்ப்ரசருக்குள் போகிறது. திரவத்தை அழுத்த முடியாது என்பதால் வால்வுத் தகடுகள்தான் உடையும்.

50 கிராம் இறங்கியதும் திருகை மூடிவிட்டு மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, மீட்டர்களையும் ஏ.சி. வென்ட்டில் செருகிய வெப்பமானியையும் பாருங்கள். வெளியில் 35 டிகிரி இருக்கும்போது, நீல மீட்டர் 30 முதல் 45 வரையிலும் சிவப்பு மீட்டர் 200 முதல் 250 வரையிலும் நின்றால் போதும். இரண்டும் தாழ்ந்திருந்தால் இன்னொரு 50 கிராம் ஏற்றலாம். இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் மிகுந்துவிட்டது, அல்லது கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது; எத்தனை கேன் ஏற்றினாலும் அது குளிராது. சிவப்பு 300-ஐ நெருங்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மொத்தத்தில் 100 முதல் 150 கிராம் ஏற்றியும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவதுதான் நல்லது. உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், மேலும் மேலும் ஊகத்தில் ஏற்றக் கூடாது.

கேஸ் இறங்க இறங்கக் கேன் குளிர்ந்து, ஏறுவது மந்தமாகும். கை பொறுக்கும் வெந்நீரில், அதாவது 40 டிகிரி அளவில், வைத்தால் போதும். நெருப்பிலோ கொதிநீரிலோ காட்டக் கூடாது. முடிந்ததும் நீலத் திருகையும் கேன் வால்வையும் மூடி, எஞ்சினை நிறுத்தி, சிவப்பு மீட்டர் இறங்கக் காத்திருந்து ஹோஸ்களைக் கழற்றுங்கள். வாய்களின் பிளாஸ்டிக் மூடிகளை மறக்காமல் போடுங்கள். அவை தூசிக்கு மட்டுமல்ல, கசிவுக்கும் தடுப்பு. கதவுகளைச் சாத்தி, உட்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டியபின் வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் ஏ.சி. நன்றாக இருக்கிறது, கடலோர ஈரப்பதத்தில் ஓரிரு டிகிரி கூடலாம்.

அளவு மிஞ்சிவிட்டது என்று பின்னைக் குத்திக் காற்றில் விடாதீர்கள். கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,300 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பொருள் இது. 400 கிராமைத் திறந்துவிடுவது அரை டன் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். மீட்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்றாடப் பழக்கங்கள்

மழைக்காலத்திலும் மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஏ.சி.யை ஓட்டுங்கள், கேஸோடு சுற்றும் ஆயில்தான் கம்ப்ரசரின் தண்டு சீலை உலராமல் வைத்திருக்கிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி, அனல் காற்று வெளியேறியபின் உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். போய்ச் சேர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை அணைத்து, புளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து, பூஞ்சை வாடை வராது. நிறுத்திய காருக்கடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி; அது நின்று, இடதுபக்கக் கால்விரிப்பு ஈரமானால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

பட்டறைக்குப் போக நேர்ந்தால் இரண்டு கேள்விகளை மட்டும் தவறாமல் கேளுங்கள்: காரிலிருந்து எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? இயந்திரத்தின் திரையில் இரண்டும் தெரியும். தேதியோடு அதை ஒரு சீட்டில் எழுதிப் பானட்டின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், அடுத்த முறை எடுக்கும் அளவிலிருந்து, இடைப்பட்ட காலத்தில் கார் எவ்வளவு கசிந்தது என்பதை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.